மலையடிவாரத்தில் ஒரு மனை

திருவண்ணாமலைக்கு முதல் தடவை வருகிறவர் மலையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுகிறார். இரண்டாவது தடவை வருகிறவர், செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு 14 கிலோமீட்டரும் நடந்து முடிக்கிறார். மூன்றாவது தடவை வருகிறவர் கிரிவலப் பாதையில் டீ குடிக்க நிற்கிற இடத்தில், கடைக்காரரிடம் மெதுவாக ஆரம்பிக்கிறார்: "இந்தப் பக்கம் மனை என்ன விலைங்க போகுது?"

கடைக்காரருக்கு இது புதுக் கேள்வி இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நாலைந்து விசிட்டிங் கார்டுகளைச் செருகி வைத்திருப்பார். ஒன்றை உருவிக் கொடுப்பார். அடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பைக் வந்து நிற்கும்.

சென்னைக்காரர், பெங்களூருக்காரர், ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிறவர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஆட்கள், ஜெர்மனியிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்க இங்கேயே தங்குகிற வெள்ளைக்காரர் என எல்லோருக்கும் ஒரே ஆசைதான். காலையில் கதவைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். அந்த ஆசையில் தப்பு எதுவும் இல்லை. ஆசைக்கும் பத்திரப் பதிவுக்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பௌர்ணமியில் பிறந்த ஆசை

அந்தத் தம்பதிக்கும் ஆசை அப்படித்தான் வந்தது. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். ஒரே மகன் வெளிநாட்டில். சென்னைப் புறநகரில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். 2024 சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தார்கள். நடந்த அலுப்பே தெரியவில்லை. நிலவு, மலை, வழியெல்லாம் சிவநாமம், அன்னதானம். ஆதி அண்ணாமலை தாண்டும்போதே அவர் முடிவு செய்துவிட்டார்.

"ரிடையர்மென்ட் பணம் சும்மாதானே கிடக்கு. இங்கயே ஒரு அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டுட்டா என்ன?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ஈசானிய லிங்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்த பிறகு சொன்னார்: "வாங்கலாங்க. ஆனா பௌர்ணமியில பார்த்த ஊரை அமாவாசையிலயும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்கலாம்."

அந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குப் பல லட்சத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஜூன் மாதம் ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி போர்ஷனை ஒரு வருடத்துக்கு வாடகைக்குப் பிடித்தார்கள். சென்னை ஃபிளாட்டைப் பூட்டிச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு, இரண்டு சூட்கேஸ், ஒரு மிக்ஸி, ஒரு குக்கரோடு வந்து இறங்கினார்கள்.

சாதாரண நாளில் ஊர்

கோயில் ஊரில் குடியிருப்பது வேறு, கோயிலுக்கு வந்து போவது வேறு என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் பாடம் குரங்கு. கொடியில் போட்ட துணி, மாடியில் காயவைத்த வடகம், ஜன்னலோரத்து வாழைப்பழம் எதுவும் அதற்கு விலக்கு இல்லை. இந்தப் பகுதியில் பல வீட்டு மாடிகளும் வராந்தாக்களும் கம்பி வலைக்குள் இருப்பது ஏன் என்று அம்மாவுக்கு அன்றைக்குப் புரிந்தது.

இரண்டாவது பாடம் வெயில். இந்த ஊரின் சுவாமி அக்னி வடிவம் என்பது புராணம். கோடையில் இங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கு அது அனுபவம். பகலெல்லாம் காய்ந்த பாறை, இருட்டிய பிறகும் நெடுநேரம் சூட்டை விடுவதில்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும்.

மூன்றாவது, தண்ணீர். நகரத்துக்குக் குடிநீர் தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து வருகிறது. அது போதாத இடத்தில் போர்வெல். அடியில் கெட்டிப் பாறை. ஒரு வீட்டில் இருநூறு அடியில் கிடைக்கிற தண்ணீர் பக்கத்து வீட்டில் ஐந்நூறு அடி போட்டும் கிடைக்காமல் போகலாம். மனை காட்டுகிறவர்கள் எல்லோரும் "தண்ணி சூப்பர் சார்" என்றுதான் சொல்வார்கள். மே மாதத்தில் அதே தெருவில் எத்தனை டேங்கர் லாரி நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

நான்காவது, பௌர்ணமி. வருகிறவர்களுக்கு அது திருவிழா. குடியிருக்கிறவர்களுக்கு மாதம் ஒரு தடவை வருகிற ஊரடங்கு. பல சாலைகள் அடைக்கப்பட்டுவிடும். காரை வெளியே எடுக்க முடியாது. அதனால் பால், மருந்து, காய்கறி எல்லாம் முந்தின நாளே வாங்கிவைக்க வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு இதைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் சொன்னால் ஊர் மேல் குறை சொல்வது போலத் தோன்றும். ஆனால், இதே ஊரில்தான் அம்மா பல வருடங்களுக்குப் பிறகு விடியற்காலையில் அலாரம் இல்லாமல் எழுந்தார். ஆசிரமத்திலிருந்து மயில் அகவுகிற சத்தம் கேட்கும். தேரடி வீதிக்குப் போனால் 217 அடி ராஜகோபுரத்தின் நிழல் விழுந்த தரையில் பூக்காரம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது மாதமே, "டீச்சரம்மா, கதம்பமா மல்லியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்குக் காலில் மூட்டுவலி வந்தபோது பக்கத்து வீட்டுப் பையனே பைக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான். சென்னை ஃபிளாட்டில் பதினைந்து வருடம் இருந்தும் எதிர் வீட்டைத் தவிர வேறு யாரையும் அவர்களுக்குத் தெரியாது.

ஆக, ஊர் பிடித்துப்போனது. மனை ஆசையும் கூடவே வளர்ந்தது.

முன்னால் வந்தவர்கள்

வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து தங்குவது இன்று நேற்று ஆரம்பித்த வழக்கம் இல்லை. அதில் மிகப் பெரிய வெளியூர்க்காரர், திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயதுப் பையன். 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊரில் வந்து இறங்கினான். கோயிலுக்குப் போய்விட்டு, கையில் மிச்சமிருந்த மூன்றரை ரூபாயை அய்யங்குளத்தில் வீசி எறிந்துவிட்டான். அதற்குப் பிறகு 54 வருடம் இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

பாதாள லிங்கம், குருமூர்த்தம், விரூபாக்ஷி குகை, ஸ்கந்தாசிரமம் என்று இடம் மாறி மாறி இருந்த அந்தப் பையன்தான் பின்னால் ரமண மகரிஷி. 1922-ல் தாயார் மறைந்த பிறகு, அவர் சமாதி இருந்த அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். அதைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. 1938-ல் ஆசிரம நிர்வாகத்துக்காக உயில் எழுதியபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு கோடு மட்டும் கிழித்தார். இன்றைக்கு மனை விளம்பரங்களில் ஆசிரமத்திலிருந்து எத்தனை நிமிட தூரம் என்றுதான் முதலில் போடுகிறார்கள். எந்த நிலத்துக்கும் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாத ஒருவர், ஒரு ஊரின் நிலத்துக்கே விலை வைத்துவிட்டார்!

பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் 1934-ல் எழுதிய புத்தகம் மேல்நாட்டாருக்கு இந்த ஊரைக் காட்டியது. சாமர்செட் மாம் 1938-ல் வந்தார். ஆர்தர் ஆஸ்பர்ன் குடும்பத்தோடு வந்து தங்கி, 1964-ல் ஆசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். அந்த வரிசையில்தான் இன்றும் நவம்பரில் வந்து மார்ச்சில் கிளம்புகிற வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் சிலர் வந்தோம், தியானம் செய்தோம், போனோம் என்று இல்லாமல் வறண்ட மலைச்சரிவில் மரம் நட்டார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். எண்பதுகளில் மொட்டையாக நின்ற மலையைப் பார்த்தவர்கள், இன்று அதில் தெரிகிற பச்சையைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

ஆனால், சட்டப்படி இவர்களில் பெரும்பாலோர் இங்கே ஒரு சென்ட் கூட வாங்க முடியாது. இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படாத, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் இங்கே அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் எத்தனை மாதம் இருந்தாலும் 'வசிப்பவர்' ஆகிவிட முடியாது. அனுமதி இல்லாமல் அதிகபட்சம் ஐந்து வருடக் குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர்கள், ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்கக் கூடாது. என்.ஆர்.ஐ.க்களுக்கும் அதே விதிதான். 'என்.ஆர்.ஐ. ஸ்பெஷல் பண்ணை நிலம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லை உலகம் முழுக்க இருக்கிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் கடலோரத்து மீனவக் கிராமங்கள் இப்படித்தான் வெளிநாட்டவர் குடியேறும் இடங்களாக மாறின. அங்கே 1960-ம் வருடத்துச் சட்டப்படி முழு உரிமையுள்ள நிலம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதனால் உள்ளூர் ஆள் பெயரில் வாங்கிப்போடுகிற பழக்கம் வந்தது. பெயர் கொடுத்தவர் மனம் மாறினாலோ, இறந்துபோனாலோ பணம் போட்டவருக்கு எதுவும் மிஞ்சாது. இங்கேயும் நம்பிக்கையான வேலைக்காரர் பெயரிலோ, நண்பர் பெயரிலோ வாங்கினால் அதற்குப் பினாமி என்றுதான் பெயர். சொத்தே பறிமுதலாகலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வெளிநாட்டவரை வாடகைக்கு வைத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். சீசனில் நல்ல வாடகை வருகிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பின்னால் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டியிருக்கும்.

வரப்போகிற ரயில்

மனை விற்கிறவர்கள் சொல்கிற இன்னொரு மந்திரம், "ரோடு வருது, ரயில் வருது."

வந்திருப்பதும் உண்டு. காட்பாடி - விழுப்புரம் அகலப்பாதை இந்த ஊர் வழியாக ஓடுகிறது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை போய்க்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். மாலையில் கிளம்பி நள்ளிரவில் சேர்கிறது, விடியற்காலையில் திரும்புகிறது. அந்தத் தம்பதி சென்னைக்குப் போய்வர அதைத்தான் நம்பினார்கள். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாக வர வேண்டும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். பெங்களூரும் கிட்டத்தட்ட அதே தூரம். புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெரிய வைத்தியத்துக்கு வேலூர் இரண்டு மணி நேரத்துக்குள்.

வராததும் உண்டு. திண்டிவனம் - திருவண்ணாமலை நேர் ரயில் பாதை, சுமார் 70 கிலோமீட்டர். 2006-ல் அடிக்கல் நாட்டினார்கள். அது மட்டும் வந்தால் சென்னை மிகவும் பக்கமாகிவிடும். அந்த அடிக்கல்லைக் காட்டி விற்ற மனைகளில் பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரிக்குப் போகின்றன, ரயில்தான் இன்னும் ஓடவில்லை. வந்த ரயிலுக்கு விலை கொடுக்கலாம், வரப்போகிற ரயிலுக்குக் கொடுக்கக் கூடாது.

ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அரை நாளில் போய்வரக்கூடியவை. செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. சாத்தனூர் அணை, பர்வதமலை, படவேடு, ஆரணிப் பட்டு, குளிர் தேடுகிறவர்களுக்கு ஜமுனாமரத்தூரும் ஜவ்வாது மலையும். பௌர்ணமிக்கு வந்து அன்றைக்கே திரும்புகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மாவட்டமே பிழைக்கும். எல்லோரும் மலையடிவாரத்து ஒரே தெருவை நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பட்டா இருக்கு, வழி இல்லை

செப்டம்பரில் அவர்களுக்கு ஒரு மனை அமைந்தது. கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, மலையைப் பார்த்த வாசல். ஐந்து சென்ட். தரகர் ஃபைலோடு வந்தார். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன.

"வில்லங்கமே இல்ல சார். கண்ண மூடிட்டு வாங்கலாம்."

"கண்ணைத் திறந்துட்டே வாங்குறோம் தம்பி" என்றார் அம்மா.

வில்லங்கச் சான்று என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. அந்த நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை போன்றவற்றை அது சொல்லும். அந்த இடம் ஒரு காலத்தில் ஓடையா, ஏரியா, கோயில் நிலமா என்பதை அது சொல்லாது. அதற்கு வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். அரசின் இணையச் சேவையிலேயே சர்வே எண்ணைப் போட்டு இரண்டையும் எடுத்துவிடலாம். பட்டியல் சாதி மக்களுக்கு 1892-ல் வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்று பார்க்க வேண்டும். அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. கோயில் ஊர் என்பதால் அறநிலையத் துறை நிலமா என்றும் கேட்க வேண்டும். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அனுமதி இருக்கிறதா, பெரிய மனைப்பிரிவு என்றால் ரேரா பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்ட பிறகு எத்தனை குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தன என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும்.

இதற்கெல்லாம் மேலே முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் இருக்கின்றன. ஐந்து சென்ட்டின் விலையைச் சொல்கிறவர்கள் இந்த ஒன்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

டீச்சரம்மா புலப்படத்தை எடுத்தார். மனையில் குறை இல்லை. ஆனால், மனைக்குப் போகிற இருபது அடி வழி இருந்த இடத்தில், படத்தில் வளைந்து வளைந்து இரட்டைக்கோடு போனது.

அதைத் தரகரிடம் காட்டவில்லை. அந்தத் தெருமுனையில் வேர்க்கடலை வறுத்து விற்கிற ஆயாவிடம் போய் உட்கார்ந்தார்.

"ஏன் ஆயா, இந்த ரோடு ரொம்ப வருஷமா இருக்குதா?"

"ரோடா? இது ஓடை ம்மா. மலையில மழை புடிச்சா தண்ணி இப்பிடித்தான் எறங்கி ஏரிக்குப் போவும். பத்து வருசமா மண்ணைக் கொட்டி ரோடுன்றாங்கோ. தண்ணிக்குத் தெரியுமா அது ரோடுன்னு?"

அவர் அன்றைக்கு இரவு சாப்பிடவே இல்லை. அவ்வளவு பிடித்துப்போன மனை. "எல்லாரும் அப்படித்தானே வாங்கியிருக்காங்க? பக்கத்துல நாலு வீடு கட்டிட்டாங்களே" என்றார்.

"மழைக்காலம் முடியட்டும்ங்க. ரெண்டு மாசம்தானே" என்றார் அம்மா.

மலை இறங்கிய நாள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையேறிய பிறகும் நகராமல் நின்று கொட்டியது. திருவண்ணாமலையில் விடாத மழை. டிசம்பர் 1 அன்று மாலை, மலைச்சரிவில் இருக்கிற வ.உ.சி. நகர் 11-வது தெருவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மீட்புப் படையினர் மழையோடும் உருண்டு நின்ற பாறையோடும் போராடி உடல்களை எடுத்தார்கள்.

ஊரே அழுதது. ஆண்டாண்டு காலமாக 'அண்ணாமலையான் காப்பாத்துவான்' என்று சொல்லிப் பழகிய வாய்களுக்கு அன்று என்ன பேசுவது என்று தெரியவில்லை.

மலை யாரையும் தண்டிக்கவில்லை. மழை பெய்தால் சரிவில் மண் இறங்கும், தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும். அது மலையின் இயல்பு. மனிதர்கள் ஏன் சரிவில் குடியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கீழே சமதளத்தில் ஒரு சென்ட் விலை ஏற ஏற, கூலி வேலை பார்க்கிறவர்களால் அங்கே இருக்க முடிவதில்லை. பணம் இருப்பவர் மலையைப் பார்ப்பதற்காக அடிவாரத்தில் வீடு கட்டுகிறார். பணம் இல்லாதவர் வேறு இடம் இல்லாமல் மலை மேலேயே ஏறுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் போகிற வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. வெளியூரிலிருந்து வந்து இங்கே ஒரு மனை கேட்கிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கணக்கில் ஒரு வரி.

மழை விட்ட பிறகு அவர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு அந்த மனையைப் பார்க்கப் போனார். மனை அப்படியே இருந்தது. அதற்குப் போகிற வழியில்தான் முழங்காலளவு செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த நாலு வீட்டுக்காரர்களும் மாடியில் நின்றுகொண்டிருந்தார்கள். கொட்டிய மண் எல்லாம் போய், பழைய ஓடை தன் பழைய வளைவிலேயே திரும்பவும் ஓடியது.

ஆயாவின் வேர்க்கடலை வண்டி மட்டும் மேட்டில், நனையாத இடத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது சரிதான்" என்று அவர் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அது வழக்கமில்லை. "வீட்டுக்காரர்கிட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டுடலாமா?" என்று மட்டும் கேட்டார். அம்மா காபி கலந்து கொடுத்தார்.

மனை கேட்கும் முன்

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் அதற்குள் வந்துவிட்டன. ஊர் இன்னும் விரியும், வருகிறவர்கள் இன்னும் வருவார்கள். யாரையும் வராதீர்கள் என்று இந்த ஊர் சொன்னதில்லை, சொல்லவும் சொல்லாது. கையில் ஒன்றும் இல்லாமல் வந்த ஒரு பையனையே வைத்துக் காப்பாற்றிய ஊர் இது.

வருகிறவர்கள் சில காரியங்களைச் செய்தால் போதும். ஒரு மே மாதமும் ஒரு டிசம்பர் மாதமும் வாடகைக்கு இருந்து பாருங்கள். தரகரைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தெருவின் மூத்த பெண்மணி ஒருவரைக் கேளுங்கள். வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, மனையைப் பார்க்கும்போது வழியையும் பாருங்கள். மலை அழகாகத் தெரிகிற சரிவை மலைக்கே விட்டுவிட்டு, ஊருக்குள், பழைய தெருக்களில், மற்றவர்கள் ஏற்கெனவே வாழ்ந்து சோதித்துப் பார்த்த இடங்களில் தேடுங்கள். விலையும் குறைவு, துணையும் உண்டு.

அந்த வருடம் டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். மண்சரிவு நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் மட்டும், அதற்கென்றே இருக்கிறவர்கள் சுமந்து மேலே போயின. மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயரத்தில் சுடர் தெரிந்தது. ஊர் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு, வீட்டு வாசலில், மொட்டை மாடியில், பஸ் ஸ்டாண்டில், வ.உ.சி. நகரில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

பதினொரு நாள் எரிகிற தீபம் அது. பார்க்கிறவர் நிற்பது சொந்த வீட்டு மாடியா, வாடகை வீட்டு மாடியா என்று அது கேட்பதில்லை.